ராட்டினம் தாங்கும் இரண்டு குடம்

புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கு வரும் முட்டிவலியை ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடியாது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், முட்டிச்சில்லைச் சுற்றி உள்ளங்கையால் ஒரு வட்டம் போடுவார்கள். படி இறங்கும்போது குத்தும். அரியலூரிலிருந்து திருச்சி வரை பேருந்தில் காலை மடக்கியபடி உட்கார்ந்து போனால், ஊர் வருவதற்குள் எங்கேயாவது காலை நீட்ட இடம் தேடச் சொல்லும்.

காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் அரியலூர், ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கத்துச் சாலைகளில் விடியும் முன்பே இளைஞர்கள் ஓடத் தொடங்கிவிடுவார்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில். அதுவரை ஓடியே பழகாத கால்கள் திடீரென்று தினமும் ஓடுகின்றன. சில வாரத்தில் முட்டி வலிக்கிறது. 'ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனி ஓடாதே' என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். 20 வயதுக்காரருக்குச் சொல்லப்படும் இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. ஏன் தவறு என்று புரிய முட்டிச்சில்லின் வேலையைப் பார்க்க வேண்டும்.

கிணற்று ராட்டினத்தில் ஒரு குடம் தண்ணீர் இறைக்கும்போது ராட்டினம் தாங்குவது ஒரு குடத்தின் பாரத்தை அல்ல, இரண்டு குடத்தின் பாரத்தை. ஒரு பக்கம் குடம் கீழே இழுக்கிறது. மறுபக்கம் இறைப்பவரின் கையும் அதே அளவுக்குக் கீழே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து அச்சில் இறங்குகின்றன. கயிறு மடங்காமல் நேராகப் போனால் ராட்டினத்துக்குப் பாரமே இல்லை. மடங்க மடங்கப் பாரம் கூடும்.

முட்டிச்சில்லு அப்படியொரு ராட்டினம். தொடைத் தசைதான் கயிறு. அது சில்லைத் தாண்டி இறங்கிக் கீழ்க்கால் எலும்பின் முகப்பில் கட்டப்பட்டிருக்கிறது. கால் நேராக இருக்கையில் தொடையைத் தளர்த்திவிட்டுச் சில்லை இரு விரலால் பிடித்தால் பக்கவாட்டில் நகரும். அதன் மேல் பாரம் இல்லை. முட்டியை மடக்கினால் அதே சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் இறுகி உட்கார்ந்துகொள்ளும். கிணற்று ராட்டினம் சுழல்கிறது, இது வழுக்குகிறது என்பதுதான் வேறுபாடு. அப்படி வழுக்குவதற்காக இதன் பின்புறத்தில் உடலிலேயே தடித்த குருத்தெலும்புகளுள் ஒன்று பூசப்பட்டிருக்கிறது.

ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் இந்த ராட்டினம் உடல் எடையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு அழுத்தம் தாங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 300 கிலோ. சிமெண்ட் ஊரான அரியலூரில் இதை விளக்க வேண்டியதில்லை: ஆறு மூட்டை. 1,500 மீட்டருக்கு ஒரு கால் ஏறக்குறைய 600 முறை தரையில் படும். அப்படியானால் 3,600 மூட்டை, 180 டன், ஏழு நிமிடத்துக்குள் ஒரு முட்டியில் ஏறி இறங்குகிறது. மூட்டை சும்மா கிடந்து அழுத்தும், முட்டிக்கு அது ஒரு நொடிக்கும் குறைந்த நேரமே. ஆனாலும் இந்தக் கணக்கு வேலையின் அளவைக் காட்டிவிடுகிறது.

இவ்வளவு பாரத்தில் வலிப்பது எது? வீட்டில் 'ஜவ்வு' என்று சொல்லும் குருத்தெலும்பு அல்ல. அதில் நரம்பும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஸ்காட் டை, தன் முட்டிகளுக்குள் மயக்க மருந்து செலுத்தாமல், தோலில் துளையிட்ட இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சக மருத்துவரைக் கருவியால் உள்ளே ஒவ்வோர் இடமாகத் தொடச் சொன்னார். 1998ல் முடிவு வெளிவந்தது. சில்லின் குருத்தெலும்பை அழுத்தியபோது அவருக்கு எதுவும் தெரியவில்லை. சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டையும் மூட்டின் உள்ளுறையையும் தொட்டதும் வலி தாங்க முடியவில்லை. எனவே ஓடுபவருக்கு எழும் வலி, பாரம் திடீரென்று கூடியதால் உறுத்தலுக்கு உள்ளான இந்த மென்திசுக்களிலிருந்தும் சில்லின் எலும்பிலிருந்தும் வர வாய்ப்பு அதிகம். தேய்ந்ததாகப் பழி சுமக்கும் பகுதியால் வலியைச் சொல்லவே முடியாது.

ரத்தமில்லாத குருத்தெலும்பு உணவு பெறும் விதமும் தனி. நனைந்த பஞ்சைப் போல, அழுத்தினால் நீரை விட்டு, விட்டால் மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பாரமே ஏறாவிட்டால் அதன் ஊட்டம் குறையும். 2017ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் ஓடாதவர்களில் 10.2 சதவீதமாகவும், உடல்நலத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதமாகவும், போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 சதவீதமாகவும் இருந்தது. உயிர் போனால் இந்தத் திசு நிலைக்காது என்பதற்குப் பெரம்பலூர் மாவட்டம் காரையே சாட்சி: அங்கே சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடற்படிவில் சுறாவின் பற்கள் கிடைக்கின்றன, எலும்புக்கூடு அநேகமாகக் கிடைப்பதில்லை. சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பு. செத்தபின் அது மக்கிவிடும். உயிரோடு இருக்கும்வரை உழைப்பால் பிழைக்கும் திசு அது.

இந்த வலிக்குப் பெயர் வந்த வரலாறு சுருக்கமானது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டிடம் மெல்லோட்டத்தைக் கண்டுவந்த அமெரிக்கர் பில் பவர்மன் 1967ல் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். பொதுமக்கள் ஓடினார்கள், முட்டிகள் வலித்தன, 'ஓட்டக்காரர் முட்டி' என்ற பெயர் நிலைத்தது. கூடவே காலணி விற்பனையும் வளர்ந்தது.

தீர்வு என்று சொல்லப்படுபவற்றை அந்தக் காலணியிலிருந்தே பார்க்கத் தொடங்கலாம். பாத வளைவுக்கு ஏற்ற காலணி என்று அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறுபவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், காயம் குறையவில்லை. குளுக்கோசமின் மாத்திரையை மூட்டுத் தேய்மானம் உள்ள 1,583 பேரிடம் சோதித்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், ஒட்டுமொத்தத்தில் அது வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. 'வாரம் பத்து சதவீதம்தான் கூட்ட வேண்டும்' என்ற புகழ்பெற்ற விதியையும் நெதர்லாந்தில் 532 புது ஓட்டக்காரர்களிடம் சோதித்தார்கள். விதிப்படி ஓடியவர்களிலும் மற்றவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம் வந்தது.

உதவுவது செலவில்லாத ஒன்று. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் இந்த வலி உள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓட்ட அளவைச் சமாளிக்கும் வழியை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். மற்ற இரண்டுக்கும் அதோடு தசைப் பயிற்சியோ ஓடும் முறைத் திருத்தமோ சேர்த்தார்கள். மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. கற்றுக்கொடுத்தது இதுதான்: ஓடும்போது வலி பத்தில் இரண்டைத் தாண்டக் கூடாது, முடித்த ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் அடுத்த முறை தூரத்தை, வேகத்தை, இறக்கத்தைக் குறைக்க வேண்டும். நாள் இடைவெளி விட வேண்டும். வாரக் கணக்கில் படுத்துவிடுவது வேண்டாம். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு தரும் தைரியத்தில் வேகத்தைக் கூட்டும்போதுதான் முட்டி மாட்டிக்கொள்கிறது.

காலடியைக் குறுக்குவதும் உடனே பலன் தருவது. வேகத்தை மாற்றாமல் காலடி எண்ணிக்கையைப் பத்து சதவீதம் கூட்டினால் முட்டி குறைவாக மடங்குகிறது. சில்லின் அழுத்தம் ஏறத்தாழ 14 சதவீதம் இறங்குகிறது. 600 காலடி 660 ஆனாலும் மொத்தத்தில் சுமார் 200 மூட்டை மிச்சம். தொடைக்கும் இடுப்புக்கும் வலு சேர்க்கப் பாதித் தோப்புக்கரணமும் வாசற்படியில் ஏறி இறங்குவதும் போதும். வலி இருக்கும்வரை முழுக்கக் குந்துவதைத் தள்ளிவைக்கலாம், ராட்டினத்தில் கயிறு அதிகம் மடங்குவது அங்கேதான்.

எல்லா முட்டிவலியும் இந்த வகை அல்ல. ஓடிய சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால், மடக்கிய கால் நீளாமல் பூட்டிக்கொண்டால், நடக்கையில் முட்டி நழுவினால், இரவில் வலி எழுப்பினால், காய்ச்சலோடு சிவந்தால், கீழ்க்கால் எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் துடித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரியலூரிலேயே 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வளரும் வயதுப் பிள்ளைகளுக்குச் சில்லுக்குக் கீழே எலும்பு முகப்பில் புடைப்போடு வலித்தால் அது வேறு கதை: தொடைத் தசையின் நாண் இன்னும் முதிராத எலும்பை இழுப்பதால் வருவது. வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். புடைப்பு மட்டும் சிலருக்குத் தங்கும்.