ஓவியமும் நம் வீட்டு முகங்களும்

ஓவியம் என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பவை எவை? அரசரும் அரசியும், தெய்வத் திருவுருவங்களும், ஆடல் மகளிரும் அல்லவா? சித்தன்னவாசலைக் கண்டோர் அதன் தாமரைக் குளத்தை நினைப்பர். இரவிவர்மாவின் படத்தை வீட்டுச் சுவரில் பார்த்து வளர்ந்தோர் இலக்குமியை நினைப்பர். நம் தெருவில் சைக்கிளை உருட்டிச் செல்லும் இட்லிக்காரரை ஓவியத்துக்கு உரியவராக நினைப்போர் மிகச் சிலரே. நானும் நெடுநாள் அவ்வாறு நினைத்ததில்லை. இத்தனைக்கும் அந்த இட்லிக்காரர் என் தந்தையார்.

தாராவியில் எங்கள் வீட்டில் விடியுமுன்னே அடுப்பு எரியும். அம்மா அவித்துத் தரும் இட்லிகளை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கிக்கொண்டு அப்பா மாட்டுங்காப் பக்கம் புறப்படுவார். சைக்கிள் வாங்குமுன் பல ஆண்டுகள் அந்தப் பாத்திரத்தைத் தோளில் சுமந்தவர் அவர். அவர் மறைந்தபின் எங்களுக்கு எஞ்சியது, அடையாள அட்டைக்கென எடுத்த ஒரே ஒரு புகைப்படம். ஓவியம் முறையாகப் பயிலாத நான், அதைப் பார்த்துப் பெரிதாக வரைந்தேன். நேரான தோள், விறைத்த கழுத்து, வெள்ளைச் சட்டை. அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருல இது? ஒங்கப்பா எப்பல இப்படி நிமிந்து நின்னாவ? ஏனத்தைச் சொமந்து சொமந்து ஒரு தோளு சாஞ்சுல்லா இருக்கும்!" என்றார்.

மூக்கும் விழியும் சரியாகவே இருந்தன. ஆயினும் அம்மாவுக்கு அவர் அந்நியராகத் தோன்றினார். பிழை எங்கே நேர்ந்தது? அதை எனக்கு விளக்கியவை பூபேன் கக்கரின் ஓவியங்கள்.

கக்கர் 1934-ஆம் ஆண்டு இதே நகரில் பிறந்தவர். தொழிலால் பட்டயக் கணக்கர். 1962-இல் பரோடா சென்று, அங்குள்ள பல்கலைக் கழகத்தில் கலைத் திறனாய்வு கற்றார். ஓவியத்தில் பட்டம் பெற்றவர் அல்லர். அதன் பின்னும் நெடுங்காலம் கணக்கெழுதிப் பிழைத்து, எஞ்சிய பொழுதில் வரைந்தார். எவரை வரைந்தார்? கடிகாரம் பழுதுபார்ப்பவரை (1972), தையற்காரரை (1972), முடிதிருத்துவோரை (1973). அன்றாடம் நாம் காசு கொடுத்துவிட்டு முகம் பாராமல் கடந்துவரும் மனிதர்களை வரைந்தார்.

அவ்வோவியங்களின் நுட்பம் யாது? முதலாவது, மனிதரை அவருடைய இடத்திலிருந்து பிரிப்பதில்லை. கடிகாரக்காரரை அவர் கடையின் பெயர்ப்பலகையோடும் கடிகாரங்களோடும் சேர்த்தே காண்கிறோம். இரண்டாவது, வண்ணம். காலண்டர் படங்களில் காணும் பளிச்சென்ற வண்ணத்தைக் கற்றோர் சிலர் எள்ளுவர். கக்கரோ அதை விரும்பி எடுத்துக்கொண்டார். அம்மனிதர்கள் தம் கடைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்ப்பதும் அவ்வண்ணமே அன்றோ? மூன்றாவது, அவர்களை வீரராக உயர்த்தவும் இல்லை. இரக்கத்துக்கு உரியவராகத் தாழ்த்தவும் இல்லை.

தொழில் செய்வோரை வரைவது புதிதன்று. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் தஞ்சை ஓவியர்கள் ஆங்கிலேயருக்காக ஒவ்வொரு தொழிலினரையும் மனைவியுடனும் கருவியுடனும் நிறுத்தி வரிசையாக வரைந்தனர். அதனைக் கம்பெனி ஓவியம் என்பர். அங்கே நிற்பவர் குறிப்பிட்ட ஒரு மனிதர் அல்லர். ஒரு தொழிலுக்கு மாதிரி. கக்கர் அம்மரபைக் கற்றார். ஆனால் மாதிரி நின்ற இடத்தில் ஒரு கடையின் ஒரு மனிதரை அமர்த்தினார். என் பிழை இப்போது எனக்கு விளங்கியது. அடையாள அட்டைக்கு எல்லாரும் ஒரே மாதிரிதான் நிற்கிறோம். நான் வரைந்தது அந்த மாதிரியை, தந்தையாரை அன்று.

"முறையான பயிற்சி இல்லாதவர் வரைவதும் கலையா?" என்று கேட்பார் உளர். இந்நகரமே அதற்கு விடை கூறும். கே. எச். ஆரா 1914-இல் செகந்தராபாத்தை அடுத்த போலாரத்தில் பிறந்து, சிறுவனாகவே பம்பாய்க்கு ஓடிவந்து, வீட்டு வேலை செய்தும் கார் துடைத்தும் வாழ்ந்தவர். தாமே பயின்று வரைந்த அவர், 1947-இல் சூசா, ரஜா, ஹுசேன் முதலியோருடன் முற்போக்கு ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். கக்கருக்கு 1984-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் 2003-இல் மறைந்தார். 2016-இல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடம் அவர் ஓவியங்களைத் திரட்டிப் பெருங்காட்சி வைத்தது. பயிற்சி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கை பழகத்தான் வேண்டும். ஆனால், கண் பழகாமல் கை மட்டும் பழகிப் பயனில்லை.

இரண்டாம் படத்தை இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். இம்முறை புகைப்படத்தைப் பெட்டியில் வைத்துவிட்டேன். அம்மாவையும் அக்காவையும் அருகில் அமர்த்திக்கொண்டு கேட்டுக் கேட்டு வரைகிறேன். காதில் பென்சில் செருகியிருப்பார் என்றார் அக்கா. ஹாரனை இடக்கையால்தான் அமுக்குவார் என்றார் அம்மா. தோளைச் சாய்த்து வரைந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். துண்டு நீலமா, பச்சையா என்பதில் மட்டும் இருவரும் உடன்படவில்லை. இருபது ஆண்டுகள் உடன் வாழ்ந்த எனக்கும் அது நினைவில்லை. அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

நண்பர்களே! உங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு விடை சொல்ல இன்னும் ஆள் இருக்கலாம். விடுமுறைக்குச் செல்லும்போது ஒரு பென்சிலும் சில தாளும் கொண்டு செல்லுங்கள். மாவரைக்கும் தாயை, செய்தித்தாள் படிக்கும் தந்தையை, வாயிலில் அமர்ந்திருக்கும் பாட்டியை அரைமணி நேரம் உற்று நோக்கி வரையுங்கள். படம் நன்றாக வராமற் போகலாம், அதனாலென்ன? பார்த்தது உங்களோடு இருக்கும்.