கலையும் சந்தையும் காக்க வேண்டிய உறவுகளும்

வளைகுடாவிலிருந்து வரும் கடிதத்திற்காகவும், குரல் பதிந்த ஒலிநாடாவிற்காகவும் காத்துக் கிடந்த இல்லங்கள் நம்மிடையே ஏராளம். அக்கடிதங்களைத் தகரப் பெட்டியில் பூட்டிப் பாதுகாத்து வரும் தாய்மார்கள் இன்றும் உண்டு. ஆனால், இன்றைய நிக்காஹ் படங்களும், பேரக் குழந்தையின் மழலை ஒலியும், உறவினர் எழுதிய நலம் விசாரிப்புகளும் எங்கே இருக்கின்றன? எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில்! அந்த நிறுவனம் கடையைக் கட்டிவிட்டால் அவற்றின் கதி என்ன? எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

இது வெறும் கற்பனையன்று. 2004-இல் கூகுள் தொடங்கிய ஆர்குட் தளத்தில் இந்திய இளைஞர்கள் மொய்த்துக் கிடந்தனர். ஃபேஸ்புக் வளர வளர அங்கே கூட்டம் குறைந்தது. 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டது. அதே நிறுவனம் 2011-இல் கொண்டுவந்த கூகுள் பிளஸும் பொதுமக்களுக்கு 2019 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டது. மைஸ்பேஸின் கதையோ இன்னும் வேதனையானது. தளம் மூடப்படவில்லை, ஆயினும், வேறு கணினிகளுக்கு மாற்றியபோது, 2015-க்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் இசைக் கலைஞர்கள் ஏற்றிவைத்த பாடல்கள் அழிந்துபோயின என்று 2019-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

ட்விட்டரின் நிலையை அண்மையில் கண்டோம். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் அதனை 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். சில நாட்களிலேயே ஊழியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நீக்கப்பட்டனர். 2023 ஜூலையில் பெயரும் ‘எக்ஸ்’ என மாறியது. தளம் தொடர்ந்து இயங்கினாலும், மனம் கசந்த பலர் வேறிடம் தேடினர்.

எங்கே செல்வது?

மாஸ்டடான் 2016-இல் ஜெர்மனியில் பிறந்தது. அதற்குத் தனியொரு முதலாளி இல்லை. பல ஊர்த் தபால் நிலையங்கள் தமக்குள் கடிதம் பரிமாறிக்கொள்வது போல, பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றிற்கு மாறும்போது நம்மைப் பின்தொடர்வோரை அழைத்துச் செல்லலாம். பழைய பதிவுகள் உடன் வாரா.

2023 ஜூலையில் வந்த த்ரெட்ஸில் ஐந்தே நாட்களில் பத்துக் கோடிப் பேர் சேர்ந்தனர். இன்ஸ்டாகிராம் கணக்கு உள்ளோர்க்கு நுழைவது எளிது. ஆனால், இதுவும் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் உடைமையே. ட்விட்டருக்குள் 2019-இல் ஓர் ஆய்வு முயற்சியாகத் தோன்றிய புளூஸ்கை, 2024 பிப்ரவரியில் யாவர்க்கும் கதவைத் திறந்தது.

இவற்றுள் எது சிறந்தது எனக் கேட்பீர்கள். முதலில் மூன்றைக் கேளுங்கள். இதன் உரிமையாளர் யார்? வருமானம் எங்கிருந்து வருகிறது? நாளை வெளியேற நேர்ந்தால் நம் பொருளை எடுத்துச் செல்ல இயலுமா? நான்காவதாக ஒன்றும் உண்டு: நம் மக்கள் அங்கே வருவார்களா? வசதி நிறைந்த மண்டபமாயினும், ஆளில்லாவிடில் அங்கே நமக்கு என்ன வேலை? எனவே, தனித்தனியே சிதறாமல், குடும்பத்தார் கூடிப் பேசி ஓரிடத்தை முடிவு செய்யுங்கள்.

செல்லுமுன் செய்ய வேண்டியவை

ஒன்று: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் ஆகியவற்றின் அமைப்புப் பகுதியில், நம் பதிவுகளையும் படங்களையும் நகலாகப் பெறும் வசதி உள்ளது. விண்ணப்பித்துப் பெறுங்கள், சரியாகத் திறக்கிறதா எனப் பாருங்கள். இரு பிரதிகளாக வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

இரண்டு: அத்தளத்தில் மட்டுமே தொடர்பில் உள்ளோரின் தொலைபேசி எண்களைக் கேட்டுப் பெற்று, குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

மூன்று: புதிய முகவரியைப் பழைய இடத்தில் அறிவியுங்கள். பழைய கணக்கை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். தேடி வருவோருக்கு அது வழிகாட்டிப் பலகையாக நிற்கட்டும்.

வாசக நேயர்களே! மறைந்த மூத்தோரின் முகமும், வளரும் பிள்ளைகளின் குரலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றைப் பிறருடைய திண்ணையில் வைத்துவிட்டு நாம் அயர்ந்து உறங்கலாமா? தளங்கள் வரும், போகும். கதவு மூடும் நாளில் கையைப் பிசைவதைவிட, திறந்திருக்கும் இன்றே நம் பொருளை எடுத்துக்கொள்வதன்றோ அறிவுடைமை!