இடது காலா? வலது காலா? புது ஹெலிகாப்டரில் தனியே பறக்கும் முதல் 10 நிமிடம்!

தேர்தல் வந்துவிட்டால் தர்மபுரி மாவட்டத்துக்கு ஹெலிகாப்டரும் வந்துவிடும்.

பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போடுவார்கள். தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குவார்கள். அப்படியும் ஹெலிகாப்டர் இறங்கும்போது தோளில் கிடக்கும் துண்டு பறந்துவிடும். தலைவரைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி, ஹெலிகாப்டரைப் பார்க்க வந்த கூட்டம்தான்.

அதை ஓட்டி வந்தவரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு உள்ளே காதில் கருவியை மாட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்து இருப்பார்.

அவருக்கும் வாழ்க்கையில் ஒரு நாள் வந்திருக்கும். பக்கத்தில் இருந்த வாத்தியார் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட, "இனி நீயாச்சு, மிஷினாச்சு" என்று தனியாக விடப்பட்ட நாள்.

அதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. பழகிய ரகத்தை விட்டுவிட்டு, பழகாத ரக ஹெலிகாப்டரில் முதல் தடவையாகத் தனியே பறப்பது.

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எந்த வண்டியா இருந்தா என்ன? அம்பாசடர் ஓட்டினவன் மாருதி ஓட்டலையா?" என்று கேட்கலாம்.

ஹெலிகாப்டர் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

நம் நாட்டில் சொந்தமாகப் பறக்க விரும்புகிறவர் தனியார் விமானி லைசென்சு வாங்க வேண்டும். 17 வயது முடிந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். லைசென்சு கைக்கு வந்துவிட்டால் கண்ணில் படும் ஹெலிகாப்டரில் எல்லாம் ஏறிப் பறந்துவிட முடியாது. எந்த ரகத்தில் பழகினாரோ அந்த ரகத்தின் பெயரை லைசென்சில் எழுதிக் கொடுப்பார்கள். அதை மட்டும்தான் ஓட்டலாம். வேறு ரகம் வேண்டும் என்றால் மறுபடியும் பாடம், மறுபடியும் பரீட்சை.

ஏன் இத்தனை கெடுபிடி?

புல்லட் கதை

பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும்.

அந்தப் புல்லட்டில் கியர் வலது காலில் இருக்கும். பிரேக் இடது காலில் இருக்கும். ஓசூரில் இருந்து வரும் டி.வி.எஸ். வண்டியில் அப்படியே தலைகீழ். பத்து வருஷம் புல்லட் ஓட்டியவர் மச்சானின் புது வண்டியை வாங்கி ஓட்டுகிறார் என்று வையுங்கள். சந்தைக்கடை மூலையில் திடீரென்று ஒரு ஆடு குறுக்கே வருகிறது. மூளை யோசிப்பதற்குள் கால் முந்திவிடும். பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்!

ஹெலிகாப்டரிலும் இதே கூத்துதான். ஆனால் அங்கே ஆடு தப்பிக்கும். ஆள் தப்புவது கஷ்டம்.

அமெரிக்காவில் செய்யும் பெல், ராபின்சன் போன்ற ஹெலிகாப்டர்களில் தலைக்கு மேல் உள்ள பெரிய விசிறி, மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். பிரான்சு நாட்டு ஹெலிகாப்டர்களில் கடிகார முள் போலச் சுற்றும். ரஷிய எம்.ஐ. ரகமும் அப்படித்தான். பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலை பிரான்சு லைசென்சில் செய்த சேட்டக், சீட்டா ஹெலிகாப்டர்களும் அப்படியே.

விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு மறுபக்கம் சுற்றப் பார்க்கும். இது இயற்கை. அதைத் தடுக்கத்தான் வாலில் ஒரு சின்ன விசிறி. அந்த வால் விசிறியை அடக்கி ஆள்வது விமானியின் இரண்டு கால்கள்.

பெல் ஹெலிகாப்டரைத் தரையில் இருந்து தூக்கும்போது மூக்கு வலது பக்கம் திரும்பப் பார்க்கும். இடது காலை அழுத்த வேண்டும். சேட்டக்கைத் தூக்கினால் மூக்கு இடது பக்கம் ஓடும். வலது காலை அழுத்த வேண்டும்.

பழக்க தோஷத்தில் கால் மாறிப் போனால்? தடுக்க வேண்டிய சுழற்சிக்குக் காலே துணை போய்விடும். தரையில் இருந்து ஐந்தடி உயரத்தில் ராட்டினம் மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும். பக்கத்தில் வாத்தியார் இருந்தால் அவர் ஒரு மிதி மிதித்துச் சரி செய்வார். தனியாக இருந்தால் யார் மிதிப்பது?

எடை குறைந்தால் வினை

வாத்தியார் இறங்கிப் போவதிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது.

ராபின்சன் ஆர்-22 என்று ஒரு குட்டி ஹெலிகாப்டர். இரண்டே பேர் உட்காரலாம். உலகம் முழுவதும் பழகுகிறவர்கள் நிறையப் பேர் அதில்தான் பழகுகிறார்கள். பெட்ரோல், ஆள் எல்லாம் சேர்த்து அதன் அதிகபட்ச எடை 622 கிலோதான். 75 கிலோ வாத்தியார் இறங்கினால் எட்டில் ஒரு பங்கு எடை போய்விடும்!

அதுவரை ஒரு அளவுக்குக் கம்பியைத் தூக்கினால்தான் கிளம்பிய மிஷின், இப்போது தொட்டதுமே துள்ளிக் கிளம்பும். பாரம் பின்னால் போவதால் மூக்கு கொஞ்சம் தூக்கி நிற்கும். இடது பக்கம் காலியாக இருப்பதால் சாய்மானமும் மாறும். நேற்று வரை பழகிய மிஷினே புது மிஷின் மாதிரி நடந்துகொள்ளும். ரகமே புதிது என்றால் கேட்கவே வேண்டாம்.

இதெல்லாம் போதாது என்று அந்தரத்தில் அசையாமல் நிற்கவும் வேண்டும். ஹெலிகாப்டர் வித்தையில் முதல் பாடமும் அதுதான், கஷ்டமான பாடமும் அதுதான். வலது கையில் ஒரு குச்சி, அது முன்னே பின்னே பக்கவாட்டில் போவதற்கு. இடது கையில் ஒரு கம்பி, அது ஏறுவதற்கு, இறங்குவதற்கு. கால்கள் இரண்டும் மூக்கைத் திருப்ப. ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் அசைக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் குச்சியை இறுக்கிப் பிடிப்பார். ஹெலிகாப்டர் குடித்தவன் மாதிரி ஆடும். "பேனா பிடிக்கிற மாதிரி பிடிங்க" என்று வாத்தியார்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

தர்மபுரி ஏற்காடு ஆகும்!

நம் ஊர் வெயிலும் விமானிக்கு எதிரி.

தர்மபுரி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 அடி உயரம். கோடையில் 38 டிகிரி வெயில் அடிக்கிறது என்று வையுங்கள். சூட்டில் காற்று விரிந்து லேசாகிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், விசிறிக்குக் கிடைக்கும் காற்று 4,500 அடிக்கு மேலே உள்ள காற்றின் அளவுதான் இருக்கும். அதாவது ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை மதியம் 2 மணிக்கு தர்மபுரி, கிட்டத்தட்ட ஏற்காட்டு உயரத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ச்சி மட்டும் கிடையாது!

லேசான காற்றில் என்ஜினுக்கும் மூச்சு வாங்கும், விசிறிக்கும் பிடி கிடைக்காது. முதல் தடவை தனியாகப் பறப்பதை விடிகாலையில் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

40 ஆயிரம் அடியில் என்ஜின் அவுட்!

"மேலே என்ஜின் நின்னுபோனா கல்லு மாதிரி விழவேண்டியதுதானே?"

பஸ் ஸ்டாண்டில் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இப்படித்தான் சொல்வார்கள். அது தப்பு.

பனை ஓலைக் காற்றாடியை முள்ளில் குத்திக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் என்ன ஆகிறது? காற்று பட்டுத் தானாகச் சுற்றுகிறது. அதே சங்கதிதான். என்ஜின் நின்றதும் இடது கைக் கம்பியை உடனே கீழே இறக்கிவிட வேண்டும். ஹெலிகாப்டர் கீழே இறங்கும். கீழிருந்து வரும் காற்று விசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். தரைக்குக் கிட்டே வந்ததும் மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, கம்பியைத் தூக்கினால், விசிறியில் மிச்சம் இருக்கும் வேகம் ஒரே ஒரு தடவை தாங்கிப் பிடிக்கும். ஒரே ஒரு தடவைதான். இரண்டாவது சான்ஸ் கிடையாது.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி இருக்கிறது. அதில் நமக்கும் சம்பந்தம் உண்டு.

இமயமலையில் பறப்பதற்கு இந்திய ராணுவம் ஒரு ஹெலிகாப்டர் கேட்டது. அதற்காகப் பிரான்சு நாட்டில் உருவானதுதான் "லாமா". முதலில் பறந்தது 1969 மார்ச்சில். இதையே பிறகு பெங்களூரில் செய்து "சீட்டா" என்று பெயர் வைத்தார்கள். சியாச்சின் பனிமலைக்குச் சாமான் கொண்டுபோன சீட்டா இதுதான்.

1972 ஜூன் 21-ந் தேதி பிரான்சு விமானி ஜீன் பூலே லாமாவில் தனியாக ஏறினார். எடையைக் குறைக்க வேண்டாத சாமான்களைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஏறினார், ஏறினார், 12 ஆயிரத்து 442 மீட்டர் வரை ஏறினார். அடிக் கணக்கில் 40 ஆயிரத்துக்கும் மேல்! எவரெஸ்டு சிகரத்துக்கு மேலே இன்னும் 11 ஆயிரம் அடி. வெளியே குளிர் மைனஸ் 63 டிகிரி.

உலக சாதனை ஆயிற்று. இறங்கலாம் என்று என்ஜின் வேகத்தைக் குறைத்தார். என்ஜின் அணைந்துவிட்டது!

அவ்வளவு உயரத்தில் இருந்து, என்ஜினே இல்லாமல், ஓலைக் காற்றாடி தத்துவத்தை மட்டும் நம்பி தரை வரைக்கும் வந்து பத்திரமாக இறங்கினார். அதுவும் ஒரு சாதனையாக எழுதப்பட்டது. பூலே 2011-ல், 90 வயதில்தான் காலமானார்.

பூலேயின் லாமாவுக்குக் கனமான விசிறி. அது சுற்றினால் சீக்கிரம் நிற்காது. ஆர்-22 குட்டி ஹெலிகாப்டருக்கு விசிறி லேசு. என்ஜின் நின்று இரண்டு விநாடிக்குள் கம்பியை இறக்காவிட்டால் விசிறி வேகம் போய்விடும். போனால் திரும்ப வராது. ஒரு தும்மல் போடும் நேரம்!

விமானம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு ஆபத்து. என்ஜின் நின்றால் குச்சியை முன்னால் தள்ளி மூக்கை இறக்கு என்பது விமானப் பாடம். ஆர்-22 போல இரண்டு இறக்கை விசிறி உள்ள ஹெலிகாப்டரில் அப்படிச் சட்டென்று தள்ளினால், விசிறி தன் தண்டையே இடித்து முறித்துவிடலாம். ஒரு இடத்தில் உயிர் காக்கும் பழக்கம் இன்னொரு இடத்தில் எமன்.

விபத்துகள் மிஞ்சிப் போகவே 1995-ல் அமெரிக்க அரசு இந்த ரகத்துக்கு என்றே தனி விதி போட்டது. புதிதாகப் பழகுகிறவர் இந்த மிஷினில் வாத்தியாருடன் 20 மணி நேரம் பறந்த பிறகே தனியாகப் போகலாம் என்றார்கள். மற்ற ஹெலிகாப்டர் ஓட்டி லைசென்சு வாங்கியவர்களைக்கூட, போதிய அனுபவம் இல்லை என்றால், 10 மணி நேரம் வாத்தியாரோடு உட்கார வைத்தார்கள்.

கடைக்காரர் சுற்றிய உலகம்

இதெல்லாம் ராணுவக்காரர்கள், கம்பெனி விமானிகள் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் டிக் ஸ்மித் என்று ஒரு கடைக்காரர். 1968-ல் காருக்கு ரேடியோ மாட்டும் சின்னக் கடை வைத்துப் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் வியாபாரி ஆனவர். பறப்பது அவருக்குத் தொழில் அல்ல, ஆசை. 1982 ஆகஸ்டு 5-ந் தேதி பெல் ஜெட்ரேஞ்சர் ஹெலிகாப்டரில் அமெரிக்காவின் டெக்சாசில் இருந்து தன்னந்தனியாகக் கிளம்பினார். இடையில் நிறுத்தி நிறுத்திப் பறந்து, 1983 ஜூலை 22-ந் தேதி உலகைச் சுற்றி முடித்தார். சோவியத் ரஷியா தன் மண்ணில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. வடக்குப் பசிபிக் கடலில் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலின் மேல் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போனார்! ஹெலிகாப்டரில் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் இந்தக் கடைக்காரர்தான்.

அவருக்காவது சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது. இகோர் சிகோர்ஸ்கிக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவில் தானே செய்த ஹெலிகாப்டரை 1939 செப்டம்பர் 14-ல் தானே ஓட்டிப் பார்த்தார். மிஷினைக் கயிறு போட்டுத் தரையோடு கட்டிவைத்திருந்தார்கள். தலையில் வழக்கமாகப் போடும் தொப்பியோடு ஏறி உட்கார்ந்தார். தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பி சில விநாடி நின்றது. கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பறக்க அடுத்த ஆண்டு மே மாதம் ஆகிவிட்டது.

நம்ம பக்கத்தில்...

தமிழ்நாட்டில் இந்தச் சோதனை நடக்கும் முக்கிய இடம் அரக்கோணம். அங்குள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில்தான் கடற்படை தன் ஹெலிகாப்டர் விமானிகளைப் பழக்குகிறது. 2024 ஜூனில் சப்-லெப்டினன்ட் அனாமிகா ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாக அங்கே தேறி வெளியே வந்தார்.

ஓசூரை அடுத்த தளி ரோட்டில், பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் விமான ஓடுதளம் இருக்கிறது. 1990-களில் அங்கே குட்டி விமானம் செய்ய ஆரம்பித்தபோது அது தர்மபுரி மாவட்டம். 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது ஓடுதளமும் அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லை போனாலும் தர்மபுரிக்காரர்கள் "நம்ம ஏரோட்ரோம்" என்று சொல்வதை விடவில்லை.

சரி, அந்தப் பத்து நிமிடம் எப்படித்தான் முடியும்?

பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. தூக்கி, அந்தரத்தில் நிறுத்தி, மைதானத்தை ஒன்றிரண்டு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே இறக்க வேண்டும். இறங்கியதும் உடனே என்ஜினை அணைக்கக் கூடாது. சூடு ஆற விட வேண்டும். விசிறி முழுவதும் நிற்கும் வரை வாத்தியார் தூரத்திலேயே நிற்பார்.

சில நாடுகளில் முதல் தடவை தனியாகப் பறந்தவர் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுவார்கள். அமெரிக்காவில் சட்டையின் பின்பக்கத்தை வெட்டி எடுத்து, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் மாட்டுகிற வழக்கமும் உண்டு. சட்டைக்காரரின் வீட்டில் என்ன சொல்வார்களோ!

பிறகு விமானி தன் பதிவுப் புத்தகத்தைத் திறந்து ஒரே ஒரு வரி எழுதுவார். தேதி, ஹெலிகாப்டர் ரகம், "தனியாக", 10 நிமிடம்.