வந்தவர்களுக்கும் ஒரு மைதானம்

திருப்பூர் வீரபாண்டியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் பனியன் கம்பெனியை விட்டு வெளியே வருகிறவர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்துக்காரர்கள் ஏராளம். கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங் என்று அவர்கள் இல்லாத வேலையே இல்லை. தங்குவதற்கு லைன் வீடோ ஹாஸ்டலோ கிடைத்துவிடுகிறது, சனிக்கிழமை சம்பளமும் வந்துவிடுகிறது. ஞாயிறு மதியத்துக்கு மேல் பத்துப் பேர் சேர்ந்து ஓடியாட ஓர் இடம்தான் கிடைப்பதில்லை. பிழைக்க வந்தவனுக்கு விளையாட்டு எதற்கு என்ற நினைப்பு நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. பிழைக்க வந்தவனுக்குத்தான் விளையாட்டு மன்றம் முதலில் தேவை என்கிறேன். அயர்லாந்துக்காரர்களின் வரலாறு இதற்கு வலுவான சான்று.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் என்ற சிற்றூரில் மைக்கேல் குசாக்கும் நண்பர்களும் கேலிக் தடகளச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் மங்கிக்கொண்டிருந்த நாட்டு விளையாட்டுகளை மீட்பதே நோக்கம். ஹர்லிங்கில் மட்டையால் சிறு பந்தை அடிப்பார்கள். கேலிக் கால்பந்தில் பந்தைக் கையாலும் எடுத்து ஓடலாம். அணிக்குப் பதினைந்து பேர். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் போனால் மூன்று புள்ளி, மேலே போனால் பொதுவாக ஒன்று. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. லண்டனின் கட்டட வேலைக்கும் நியூயார்க்குக்கும் போனவர்கள் இந்த ஆட்டங்களையும் கூடவே கொண்டுபோனார்கள். புதிதாக வந்த பையனுக்கு வேலை எங்கே காலி, அறை எங்கே கிடைக்கும், எந்த மேஸ்திரி கூலியைப் பிடித்துவைப்பான் என்பதெல்லாம் மைதானத்து ஓரத்தில்தான் தெரியவந்தது. 1947இல், பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டின் நூற்றாண்டு நினைவாக, அகில அயர்லாந்துக் கால்பந்து இறுதிப் போட்டியையே நியூயார்க்கில் நடத்தினார்கள். கேவன் அணி கெர்ரியை வென்றது. ஆட்டம் நீண்டுபோக, வானொலி இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள், இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று வர்ணனையாளர் மைக்கேல் ஓஹெஹிர் ஒலிபரப்பிலேயே மன்றாடினார். அக்கரையில் ஒரு நாடே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

இப்படித் தனி மன்றம் வைத்தால் வந்தவர்கள் ஊரோடு ஒட்டவே மாட்டார்கள் என்பார்கள். அது வெறும் அச்சமல்ல. கிரிக்கெட், ரக்பி போன்ற ‘அந்நிய’ ஆட்டங்களை ஆடுகிற உறுப்பினரை அந்தச் சங்கம் 1971 வரை விலக்கியே வைத்தது. அது தவறான விதி. ஆனால் அதைக் கைவிட்டதால் சங்கம் சரிந்துவிடவில்லை. இன்று ஆசிய நகரங்களில் உள்ள கேலிக் அணிகளில் அயர்லாந்தையே பார்க்காதவர்களும் ஆடுகிறார்கள். நமக்கு நெருங்கிய சான்று கொழும்பில் இருக்கிறது. 1899இல் தொடங்கப்பட்ட தமிழ் யூனியன் மன்றத்தின் பி. சரவணமுத்து மைதானத்தில்தான் 1982 பிப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது. 1985இல் இந்தியாவைச் சாய்த்துத் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். ஒரு சமூகத்தின் பெயரைத் தாங்கிய மன்றம் நாட்டுக்கே களம் கொடுத்தது. இலங்கைத் தமிழர்களைத் தாக்கிய 1983 கலவரத்தை எந்த மைதானமும் தடுக்கவில்லை என்பதும் உண்மை. அரசியல் செய்ய வேண்டியதை விளையாட்டின் தலையில் கட்ட முடியாது.

திருப்பூரின் நிலை அயர்லாந்துக்காரர்களுடையதைவிட எளிது. லண்டன்காரருக்கு ஹர்லிங் தெரியாது. கபடியும் கிரிக்கெட்டும் பாட்னாவுக்கும் பல்லடத்துக்கும் பொது. 2017இல் தமிழ் தலைவாஸ் கபடி அணிக்குத் தலைமை ஏற்ற அஜய் தாக்கூர் இமாச்சலக்காரர். அவர் ரெய்டு போகும்போது நம் ஆட்கள் ஊர் கேட்டுவிட்டா கைதட்டினார்கள்? பன்னிரண்டு மணிநேரம் வேலை செய்கிறவனுக்கு விளையாட ஏது தெம்பு என்றால், அது வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லும் காரணமே தவிர, மைதானத்தை மறுக்கும் காரணமல்ல.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பலர் பதறி ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூர் வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. வாரந்தோறும் எதிரணியில் ஆடும் உள்ளூர் கேப்டனின் எண் கையில் இருந்திருந்தால், பலர் முதலில் அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் தொழிலுக்கு ஒரு மைதானமும் நான்கு விளக்குக் கம்பங்களும் பெரிய செலவல்ல. அரசுப் பள்ளி மைதானங்களை ஞாயிறு மாலை திறந்துவிட்டாலே தொடங்கிவிடலாம். ஒடிசாக்காரர்கள் தனி அணி, பீகார்க்காரர்கள் தனி அணி என்று பிரிந்தே வரட்டும். முதல் ஆட்டத்திலேயே அவர்களுக்கு எதிரே நிற்கப்போவது வீரபாண்டிப் பையன்கள்தானே.