ஈர்ப்பின் வேகம் 9.8 அன்று!

திண்டுக்கல் சமவெளியில் பயிர்த்தொழில் பெரிதும் கிணறுகளையே நம்பி இருக்கிறது. பாறையை உடைத்து ஆழமாக வெட்டிய கிணறுகளை ஊர்தோறும் காணலாம். இத்தகைய கிணற்றுக்குள் ஆள் இறங்கி வேலை செய்யும்போது மேலிருந்து ஒரு கல் உருண்டு விழுந்தால், மேலே நிற்பவர் உடனே உரக்கக் கூவுவார். கீழே இருப்பவர் சட்டென்று ஒதுங்கிக்கொள்வார். அந்த ஒரு கூவல் எப்படி ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

கிணற்றின் ஆழம் 20 மீட்டர் என்று கொள்வோம். கல் தொடக்கத்தில் நிலையாக இருந்தது. அதன் வேகம் சுழி. ஒரு விநாடி முடிவில் அதன் வேகம் விநாடிக்கு 9.78 மீட்டர், இரண்டு விநாடி முடிவில் ஏறத்தாழ 19.6 மீட்டர். அடியைத் தொட அதற்கு இரண்டு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகிறது. அப்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 70 கி.மீ. விரைந்து செல்லும் பேருந்தின் வேகம்!

ஒலியோ தொடக்கத்திலிருந்தே விநாடிக்கு சுமார் 345 மீட்டர் செல்லும். 20 மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு விநாடியில் நூற்றில் ஆறு பங்கு போதும். கல்லைக் கண்டு கூவுவதற்கு அரை விநாடி கழிந்தாலும், கூவல் கீழே எட்டும்போது கல் ஒன்றரை மீட்டர்தான் இறங்கியிருக்கும். கீழே இருப்பவருக்கு ஒதுங்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி கிடைக்கிறது. கல் தன் வேகத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். ஒலிக்கு அந்தத் தேவை இல்லை. உயிர் பிழைப்பது இந்த வேறுபாட்டினால்தான்.

ஒரு தவறான எண்ணம்

ஈர்ப்பு பற்றி மாணவர் பலரிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பாடநூலில் 9.8 என்ற எண்ணைக் கண்டதும், ‘ஈர்ப்பு விநாடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் செல்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். அது உண்மையானால் என்ன ஆகும்? நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் உள்ளது. அந்த வேகத்தில் பூமியின் ஈர்ப்பு நிலாவை எட்ட 450 நாள்களுக்கு மேல் ஆகும்! நம் பேருந்துகளே அதைவிட விரைவாகச் செல்கின்றனவே!

9.78 என்பது வேகம் அன்று, முடுக்கம். ‘விநாடிக்கு 9.78 மீட்டர்’ என்று நிறுத்தாமல், ‘ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 9.78 மீட்டர்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். விழும் பொருளின் வேகம் விநாடிதோறும் எவ்வளவு கூடுகிறது என்பதையே இந்த எண் சொல்கிறது. ஈர்ப்பு ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எத்தனை விரைவில் செல்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முடுக்கம் இடத்துக்கு இடம் மாறும். திண்டுக்கல்லில் 9.78, துருவங்களில் 9.83. மலை மேல் உள்ள கொடைக்கானலில் திண்டுக்கல்லைவிடச் சிறிது குறைவு. ஆனால் மூன்றாம் தசமத்தில்தான் வேறுபாடு தெரியும். நிலாவின் தரையில் 1.62. நிலா இருக்கும் தொலைவில், பூமியின் ஈர்ப்பு தரும் முடுக்கம் வெறும் 0.0027.

சென்னையில் நடந்த இரு சோதனைகள்

முடுக்கம் வேறு, பரவும் வேகம் வேறு என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் ஒரு வானாய்வு நிலையம் அமைந்தது. அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் என்ற வானியலார் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டு சோதனைகளைச் செய்தார்.

முதலாவது, ஒலியின் வேகம். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி சுடும்போது ஒளி முதலில் தெரியும். சில விநாடிகள் கழித்தே ஓசை கேட்கும். இந்த இடைவெளியை அளந்து, தொலைவை அதனால் வகுத்து ஒலியின் வேகத்தைக் கண்டார்.

இரண்டாவது, ஊசல் சோதனை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லச் சரியாக ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் சென்னையில் எவ்வளவு என்று அளந்தார். அது 99 செ.மீ.க்குச் சற்று அதிகம். லண்டனிலோ இன்னும் சில மில்லிமீட்டர் கூடுதல். இந்த நீளம் தெரிந்தால் அவ்விடத்தின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

முதல் சோதனை, ஒரு செய்தி எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதை அளந்தது. இரண்டாவது, ஈர்ப்பு ஒரு பொருளை எவ்வளவு முடுக்குகிறது என்பதை அளந்தது. இரண்டும் வெவ்வேறு அளவுகள். அந்த நிலையத்தின் வானாய்வுப் பணியைத் தொடர்ந்து ஏற்றதே 1899-இல் தோன்றிய கொடைக்கானல் சூரிய ஆய்வு நிலையம்.

கயிற்றுக் கட்டிலும் எலுமிச்சம்பழமும்

சரி, ஈர்ப்பும் பரவுகிறதா? ஓர் உவமையால் விளக்குவோம். கயிற்றுக் கட்டிலின் நடுவில் தாத்தா உட்கார்ந்திருக்கிறார். கயிறு நடுவில் தாழ்ந்து, நான்கு புறமும் சரிவாக இருக்கிறது. ஓரத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது உடனே அவரை நோக்கி உருளும். அந்தச் சரிவு தாத்தாவிடமிருந்து புறப்பட்டு வரும் வரை பழம் காத்திருப்பதில்லை. சரிவு அங்கே முன்பே இருக்கிறது.

கிணற்றுக் கல்லும் அப்படித்தான். கல் விளிம்பை விட்ட பிறகு ஈர்ப்பு பூமியிலிருந்து புறப்பட்டு மேலே வருவதில்லை. கல்லைச் சுற்றி ஈர்ப்புப் புலம் எப்போதும் இருக்கிறது. விளிம்பின் தாங்கல் நீங்கியதும் கல் விழத் தொடங்குகிறது.

இப்போது தாத்தா சட்டென எழுந்துவிடுகிறார் என்க. நடுவில் கயிறு மேலே எழும்பும். அந்த அசைவு ஓரத்தை எட்டச் சிறிது நேரம் ஆகும். அது எவ்வளவு விரைவாகச் செல்லும் என்பது தாத்தாவின் எடையையோ சரிவின் அளவையோ பொறுத்தது அன்று. கயிற்றின் இறுக்கத்தையும் கனத்தையும் பொறுத்தது. அதுபோல ஈர்ப்பில் ஏற்படும் மாற்றமே பரவிச் செல்கிறது. அதன் வேகத்தைத்தான் ‘ஈர்ப்பின் வேகம்’ என்கிறோம். உவமை இங்கே முடிகிறது. வெளியில் கயிறு எதுவும் இல்லை.

ஒளியும் ஈர்ப்பும் ஒரே வேகம்

ஈர்ப்பு இடைவெளி எதுவுமின்றி உடனுக்குடன் செயல்படுவதாகவே நியூட்டனின் விதி கொள்கிறது. ஐன்ஸ்டீன் 1915-இல் தம் பொதுச் சார்பியல் கொள்கையை முடித்தார். மறு ஆண்டே, ஈர்ப்பின் மாற்றங்கள் அலைகளாக ஒளியின் வேகத்தில் பரவும் என்று கணித்தார். விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கி.மீ.! சூரியன் திடீரென மறைந்துவிடுவதாகக் கற்பனை செய்தால், 8 நிமிடம் 20 விநாடி வரை நமக்கு அதன் ஒளியும் குறையாது. பூமி தன் பாதையை விட்டு விலகவும் செய்யாது.

இதற்கு நேரடிச் சான்று கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவில் 3,000 கி.மீ. இடைவெளியில் லைகோ என்ற இரு ஆய்வுக் கருவிகள் உள்ளன. 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முறையாக ஓர் ஈர்ப்பு அலை அவற்றில் பதிவாயிற்று. இரு பதிவுகளுக்கும் இடைவெளி சுமார் 7 மில்லிவிநாடி. அத்தொலைவைக் கடக்க ஒளிக்கே 10 மில்லிவிநாடி வேண்டும். அப்படியானால் ஈர்ப்பு ஒளியை முந்திவிட்டதா? இல்லை. குளத்து அலை கரையைச் சாய்வாக வந்து தொடும்போது, கரையின் இரு முனைகளையும் அடுத்தடுத்துத் தொட்டுவிடும் அல்லவா? அதுபோல இந்த அலையும் சாய்வாக வந்தது.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று 2017 ஆகஸ்டு 17 அன்று கிடைத்தது. சுமார் 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்தன. அவற்றின் ஈர்ப்பு அலை பூமியை அடைந்த 1.7 விநாடியில் காமாக் கதிர்களும் வந்து சேர்ந்தன. காமாக் கதிர் என்பது ஒளியின் இனமே. 13 கோடி ஆண்டு ஓட்டத்தில் வேறுபாடு இரண்டு விநாடிகூட இல்லை! அந்தச் சிறு வேறுபாடும் காமாக் கதிர்கள் சற்றுப் பிந்திப் புறப்பட்டதால் நேர்ந்திருக்கலாம்.

மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் இத்தகைய கருவி ஒன்றை அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் இரு கைகளும் தலா 4 கி.மீ. நீளம் கொண்டவை. இன்று பள்ளியில் படிக்கும் உங்களில் சிலர் நாளை அங்கே பணியாற்றக்கூடும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு நூலில் இரும்பு மரையைக் கட்டித் தொங்கவிடுங்கள். தொங்கும் இடத்திலிருந்து மரையின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீட்டர் இருக்கட்டும். சிறிதளவே விலக்கி ஆடவிட்டு, 20 முழு அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து 20-ஆல் வகுங்கள். கிடைக்கும் அலைவு நேரத்தின் வர்க்கத்தால் 39.48-ஐ வகுத்தால் உங்கள் ஊரின் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும். திண்டுக்கல்லில் 20 அலைவுகளுக்குச் சுமார் 40.2 விநாடி ஆக வேண்டும்.

முடுக்கத்தை அளக்க ஒரு நூலும் ஒரு மரையும் ஏறக்குறையப் போதும். ஈர்ப்பின் வேகத்தை அளக்கவோ இரண்டு விண்மீன்கள் மோத வேண்டியிருந்தது. முன்னது ஊருக்கு ஊர் மாறும். பின்னது அண்டம் முழுவதும் ஒன்றே. தேர்வுத்தாளில் 9.8 என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அதன் அலகையும் சேர்த்து எழுத மறவாதீர்கள்!