ஒளிக்கு ஓர் அணை

படப்பிடிப்பு நிலையத்தில் விளக்கை ஏற்றியதும் ஒளி முகத்தோடு நின்றுவிடுவதில்லை. வெண்சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, கன்னத்து நிழலை அழித்து, முகத்தைத் தட்டையாக்கிவிடுகின்றது. இதனைத் தடுக்கவே விளக்கின் முன்னே ‘கிரிட்’ எனப்படும் கறுப்புத் தட்டைப் பொருத்துவர். அது தேனடை போன்று சிறு கண்ணறைகளால் ஆனது. ஒளி நேர்கோட்டிற் செல்வது. ஆதலால் நேரே வரும் கதிர்கள் கண்ணறைகளைக் கடந்துவிட, மிகச் சாய்ந்து வருபவை அவற்றின் கறுப்புப் பக்கங்களில் மோதி மடிகின்றன. கண்ணறையின் அகலம் 5 மில்லிமீற்றர், ஆழம் 25 மில்லிமீற்றர் எனின், 12 பாகை சாய்ந்த கதிர் வெளிவராது. ஆழத்தை இரட்டித்தால் 6 பாகைக் கதிரும் அடைபடும். ஒளி குறைவதால் கமராவின் துவாரத்தைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும்.

மாணவர்களே, கறுப்புக் கடதாசிக் குழல்களைக் கட்டாக்கி மின்சூளின் முன் பிடித்துப் பாருங்கள்; சுவரில் விழும் ஒளிவட்டம் சுருங்கும். உருவப்படத்திற்கு உயிர் தருவதில் ஒளிக்குள்ள பங்கு நிழலுக்கும் உண்டு.