களைக்கொத்தின் கூர்மை பட்டறையில் இருக்கிறது

செஞ்சி வட்டாரத்தில் மல்லாட்டைக் கொல்லைக்குக் களையெடுக்கப் போகும் பெண்களின் கையில் இருப்பது களைக்கொத்து ஒன்றுதான். களையை வேரோடு எடுக்க, இறுகிய மண்ணைக் கிளற, செடிக்கு மண் அணைக்க, அறுவடைக்குப் பின் மண்ணில் தங்கிய காய்களைத் தோண்ட என எல்லாவற்றுக்கும் அதே கொத்துதான்.

பல வேலைக்கு ஒரே கருவி என்பது உலகம் முழுவதும் உள்ள பழைய யோசனை. கத்தி, கரண்டி, முள்கரண்டி எல்லாம் சேர்ந்த ரோமானியர் கால மடக்குக் கருவி, கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1891-ல் சுவிட்சர்லாந்து ராணுவ வீரர்களுக்குக் கிடைத்த மடக்குக் கத்தியில், துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளியும் டப்பா திறக்கும் கருவியும் இருந்தன. அமெரிக்காவில் 1910-ல் நடந்த பெரும் காட்டுத்தீக்குப் பிறகு, வனக்காவலர் எட்வர்ட் புலாஸ்கி ஒருபுறம் கோடாலி, மறுபுறம் மண் வெட்டும் தகடு கொண்ட கருவியைத் தன் பட்டறையில் மேம்படுத்தினார். தீயணைப்போர் இன்றும் அதை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

நம் கருவிகளில் இத்தனை பாகங்கள் கிடையாது. கடப்பாரைக்கு ஒரு முனை கூர், மறுமுனை தட்டை. குழி தோண்டவும் பாறையைப் புரட்டவும் அதுவே போதும். முனை சரியாக இருப்பதுதான் முக்கியம்.

தோய்ச்சல் தரும் உயிர்

கோட்டை மலைகளைச் சுற்றியுள்ள கல் கலந்த நிலத்தில் கொத்து சீக்கிரம் தேயும். கொல்லர் அதைக் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் கொடுத்தால் மறுபடி உழைக்கும். தோய்ச்சல் கூடினால் முனை உடையும், குறைந்தால் மழுங்கும். தகட்டில் வெட்டிய மலிவுக் கொத்தில் இந்தப் பக்குவம் இருப்பதில்லை. மழுங்கிய கொத்தால் ஒரே களையை இரண்டு முறை கொத்த வேண்டும். கோரை மேலே அறுபட்டு மீண்டும் தழைக்கும். கூலியும் வீண், இடுப்பு வலியும் மிச்சம். வேலை இல்லாமல் ஊர்ப் பட்டறையின் உலை அணைந்தால், இழப்பு கொல்லருக்கு மட்டுமல்ல.

கவனிக்க வேண்டியவை

* விதைப்புக்கு முன்பே நாலைந்து வீட்டுக் கருவிகளைச் சேர்த்துப் பட்டறைக்குக் கொண்டுபோனால், கொல்லருக்கு ஒரு நாள் வேலை முழுதாகக் கிடைக்கும்.
* பிடி ஆடினால் உடனே ஆப்பு வையுங்கள்.
* கோடாலியின் பின்புறத்தால் இரும்பை அடிக்காதீர்கள். பிடி நுழையும் காது விரிந்துவிடும்.
* விதைத்த 40 முதல் 45-ம் நாளில், மண்ணில் ஈரம் இருக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள். அதன்பின் கொத்து வேண்டாம், விழுதுகள் அறுந்துவிடும்.

கொத்துக்கு ஓய்வு கிடைக்கும் அந்த நாட்களிலும் அதைப் பட்டறைக்கு அனுப்பலாம்.